டிவி விஞ்ஞானிக்கு நான் கொடுத்த குரல்

அன்புள்ள மகனே,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக உனக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூர் மாநகரத்தில், எங்கள் லைன் வீட்டுக் குழாயடியில், பெரியோர்களும் காலி வாளிகளும் சூழ்ந்து நிற்க, உன் தந்தையாகிய எனது மேலுதட்டின்மீது முதன்முதலாக பிளேடு பட்டது. மீசைத் தரப்பில் இழப்பு சொற்பம். உதட்டுத் தரப்பில் கொஞ்சம் ரத்தம். சத்தம் கேட்டு வந்த என் அப்பா, என் தாடையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மனித ரத்தம்தான். இப்போதைக்கு வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று அறிவித்துப் படிகாரக் கட்டியை நீட்டினார். ஆக, மகனே, எனக்கு வயதாகிவிட்டது. வயதானவர்கள் மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுத வேண்டும். முதல் பிளேடு மீசைக்குப் போட்டாயிற்று, அடுத்த பிளேடு உனக்கு.

நீ இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். எனக்குப் பதினேழு வயது; உன் அம்மா யார் என்பதே இன்னும் புலன்விசாரணையில் இருக்கிறது. ஆனால் எங்கள் பேட்டைத் தமிழர்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில் 'மகனுக்கு ஒரு கடிதம்' என்று ஒரு பக்கம் உண்டு. இந்த முறை அப்பாவிடம் கேட்டார்கள். "அவன் எதிர்லதான உக்காந்து சாப்புடறான், அவனுக்கு எதுக்குக் கடிதம்?" என்று அவர் கையை விரித்துவிட்டார். பக்கம் காலி. மகன் பதவியிலிருந்து எனக்கு நானே அப்பா பதவி உயர்வு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கன்னடப் பள்ளியில் படித்தவனின் தமிழ் இது. ஒற்றுகளை எல்லாம் அம்மா போட்டுத் தருவாள், குற்றங்கள் மட்டும் என்னுடையவை. நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரிய மீசை வைத்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரித்தான் எழுதுவேன். ஆனால் உண்மையைச் சொன்னால் சில வாரங்களாக எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அப்பா ஆபீசிலிருந்து சைக்கிளில் திரும்பும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடி அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் அப்பா, அதாவது உன் தாத்தா, போலீஸ்காரர்கள் அனுப்பிவைக்கும் பொட்டலங்களைச் சோதித்துச் சொல்லும் ஓர் அரசாங்க ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். விஷமா, சாராயமா, ரத்தமா, இல்லை வெறும் சிவப்பு பெயின்டா என்று பார்த்து எழுதித் தரும் வேலை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடத்தில் கட்டிய கோட்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரே ஒரு முடி கிடைத்தால் போதும், அப்பா ஆளின் பேரையும் ஊரையும் சொல்லிவிடுவார் என்று அளந்திருக்கிறேன். "லோ, அப்ப மொட்டத் தலையன் கொலை செஞ்சா?" என்று கேட்டான் மஞ்சு ('லோ' என்றால் கன்னட 'டேய்'). எங்கள் லைன் வீட்டின் கடைசிக் கொட்டிலில் மாடு வைத்துப் பால் ஊற்றும் கௌரம்மாவின் மகன், என் பெஞ்ச் தோழன். "அதுக்குத்தான்டா கடவுள் புருவம் வெச்சிருக்கான்" என்றேன். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நான் நின்றதே கிடையாது. அதுதான் எனக்கும் என் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம்.

அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறையில் எல்லா டப்பாக்களிலும் சீட்டு ஒட்டியிருக்கும். என்ன இருக்கிறது, என்றைக்குத் திறந்தது, கீழே அப்பாவின் சின்னக் கையெழுத்து. "கடுகு தப்பிச்சு ஓடிடுமா?" என்று அம்மா கேட்பாள். ஒருநாள் தயிர்ச் சட்டியை அவர் மூக்கருகே நீட்டி, "கெட்டுப்போச்சா பாருங்க" என்றாள். அவர் பார்த்துவிட்டு, "புளிப்பா இருக்கு" என்றார். "கெட்டுப்போச்சான்னு கேட்டேன்." "புளிப்பா இருக்கு. அது கெட்டதான்னு சாப்புடறவங்கதான் சொல்லணும்." அம்மா சட்டியைத் தரையில் வைத்த வேகத்தில் அன்றைக்குத் தயிர் மோராகிவிட்டது. பார்த்ததைச் சொல்வார், பார்த்ததற்கு மேல் ஒரு இம்மி நகர மாட்டார். எனக்கு இது ரொம்பக் கேவலமாக இருந்தது, மகனே. துப்பறியும் ஆபீசில் வேலை பார்க்கிற மனிதர் ஒரு தயிருக்குக்கூடத் தீர்ப்புச் சொல்லாவிட்டால் எப்படி?

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வரும் விஞ்ஞானியை நான் தத்தெடுத்துக்கொண்டேன். அது ஒரு ஹிந்தி துப்பறியும் தொடர். லைன் வீட்டில் கலர் டிவி எங்களிடம் மட்டும்தான், ஆகவே வாசல்படி வரைக்கும் கூட்டம். அந்த விஞ்ஞானியின் ஆய்வகத்தை நீ பார்க்க வேண்டும்: நீலம், பச்சை, மஞ்சள் என்று குப்பிகளில் எதுவோ எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒரு நேரத்துக்கு ஒரு பிணம்தான் அவருக்கு. அப்பாவின் மேஜையில் பொட்டலங்கள் வரிசையில் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும். டிவிக்காரர் பிணத்தின் பக்கத்திலேயே டீ குடிப்பார், வெறும் கையால் கத்தியை எடுப்பார், கைக்குட்டையால் துடைப்பார், மூக்கால் மோப்பம் பிடிப்பார், பிறகு ஒரே வாக்கியத்தில் ஏதோ சொல்வார். போலீஸ் ஜீப் உடனே கிளம்பிவிடும். அந்த நேரத்துக்குச் சரியாக அப்பா பையை எடுத்துக்கொண்டு தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போய்விடுவார். காய் வாங்கத்தான் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சபையில் பதிவு செய்ய வேண்டும். எங்கள் லைன் வீட்டில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தமிழ். ஹிந்தி ஒருவருக்கும் சுத்தம். அதில் நான் மட்டும்தான் புலி. பள்ளியில் மூன்றாவது மொழியாகப் படித்துத் தேறியவன், சான்றிதழ் இருக்கிறது. டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் நான். திரையில் ஆள் வாயைத் திறந்து மூடியதும் கன்னடத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. போலீஸ்காரருக்குக் கட்டைக் குரல், கதாநாயகிக்குக் கீச்சுக் குரல், விஞ்ஞானிக்கு மட்டும் கோயில் மணி மாதிரி ஒரு குரல். அவர் ஹிந்தியில் சொல்வது சப்பென்று இருக்கும். நான் கொஞ்சம் உப்பு, காரம் சேர்ப்பேன். ஒரு வாரம், பெரிய பணக்காரர் ஒருவர் கம்பளத்தில் விழுந்து கிடந்தார், வாயோரம் நுரை. விஞ்ஞானி குனிந்தார், துடைத்தார், மோந்தார், சின்னதாக ஒரு வாக்கியம் சொன்னார். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அருளினேன்: "நுரைன்னா விஷம். விஷம்னா பகை. பகைன்னா பக்கத்து வீடு!" அடுத்து கன்னடத்தில்: "நொரெ அந்த்ரெ விஷா, விஷா அந்த்ரெ ஹகெ, ஹகெ அந்த்ரெ பக்கத மனெ!" கைதட்டல். அந்த வாரம் முழுக்கக் குழாயடியில் பிள்ளைகள் அதைப் பாட்டாகப் பாடின. பல் தேய்க்கும்போது நுரை வந்தவனை எல்லாம் கைது செய்தார்கள். என் வாழ்க்கையின் உச்சம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மஞ்சு ஓடிவந்தான். கெம்பி செத்துவிட்டது. கெம்பி என்பது கௌரம்மாவின் செவலைப் பசு. அவளிடம் இருந்த இரண்டில் நன்றாகக் கறந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே வயிறு உப்பி நின்றதாம். நாங்கள் எழுந்து போய்ப் பார்த்தபோது காலை நீட்டிக் கிடந்தது. கௌரம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெம்பியின் வாயோரம் வெள்ளையாக, மகனே, நுரை.

எல்லாருடைய கண்ணும் மெதுவாகத் திரும்பிப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே மாதையன் நின்றிருந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்து ஆள், மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். விடியற்காலை வந்து இறங்கும் கீரைக் கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி வாசலில் வைப்பார். கெம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து முளைக்கீரையாகப் பார்த்து முதலில் தின்னும். இதற்காக அவருக்கும் கௌரம்மாவுக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை. கடைசிச் சண்டையில், "இந்த மாட்டுக்கு ஒருநா வெசத்த வெச்சுப்போடறேன் பாரு!" என்று அவர் கத்தியதை லைன் வீடே கேட்டது. இப்போது அந்த வார்த்தைக்கும் இந்த நுரைக்கும் நடுவே என்னுடைய பாட்டு மட்டும்தான் பாக்கி. அதையும் யாரோ முணுமுணுத்தார்கள். எந்தக் குழந்தை என்று தெரியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மஞ்சு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். லைன் வீட்டின் சொந்தக்காரர் வந்து, சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று மாதையனிடம் சொன்னார். மாதையனின் மனைவி பாத்திரங்களைப் பழைய புடவையில் போட்டு மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அவர்களுடைய பெண் குழந்தை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ஊருக்குப் போகிறோம் என்று நினைத்ததோ என்னவோ. "மாதேசுவரன் மேல சத்தியமுங்க. கோவத்துல ஒரு பேச்சு பேசிப்போட்டேன். வாயில்லாச் சீவனுக்கு ஆராச்சும் வெசம் வெப்பாங்களா?" என்று அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார். என் முகத்தையும் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

அப்பா காய்ப் பையோடு உள்ளே நுழைந்தது அப்போதுதான். கூட்டம் அவரை அப்படியே சூழ்ந்துகொண்டது. கௌரம்மாவுக்குத் தமிழ் அரைகுறை. எங்களிடம் பேசும்போது கன்னடமும் தமிழும் ஒரே பாத்திரத்தில் கறந்த மாதிரி வரும். அவள் ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்தாள். கெம்பியின் வாயிலிருந்து துடைத்ததை எல்லாம் அதில் போட்டிருந்தாள். "நோடி சார், நீங்க விஞ்ஞானி. மோந்து நோடி ஒந்தே ஒந்து மாத்து சொல்லி. சாக்கு." மோந்து பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறாள். மஞ்சுவோடு ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த ஏட்டு நோட்டைத் திறந்து பேனாவோடு தயாராக நின்றார்.

அப்பா மோந்து பார்க்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல விஷம் இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. ஊறுகாய் இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "நுரை இருக்கே சார்?" என்றார் சொந்தக்காரர். "நுரை பல காரணத்தால வரும். டாக்டர் வந்து மாட்டைத் திறந்து பாக்கணும். அதுக்கப்புறம் சோதிக்கணும். நாளாகும். இப்ப எனக்குத் தெரியாது." நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். "மாசா மாசம் சம்பளம் வாங்கிட்டு, பாட்டிலப் பாத்துச் சொல்லத் தெரியாதா? டிவில இருக்கறவன் மேலு" என்று பின்னால் ஒரு குரல். அப்பாவின் காது சிவந்தது. நான் அதைப் பார்த்தேன். "இப்ப தெரியாது" என்றே மறுபடியும் சொன்னார். பாட்டிலைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கெம்பியைத் திறப்பது என்ற பேச்சைக் கேட்டதும் கௌரம்மா குறுக்கே வந்து நின்றாள். "பேடா, வேணாம்! என் லட்சுமியக் கத்தி வெக்க விடமாட்டேன். டிவில அவன் கத்தி வெச்சானா? மோந்து நோடி சொல்லலயா? நொரெ அந்த்ரெ விஷா, விஷா அந்த்ரெ ஹகெ..." அவள் அழுதுகொண்டே அந்தப் பாட்டைச் சொன்னாள், மகனே. மந்திரம் சொல்கிற மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல், நான் விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னாள். ஏட்டு அதைக் கேட்டுத் தலையாட்டினார். மஞ்சு எங்கிருந்தோ ஒரு தடியை எடுத்து வந்திருந்தான். மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. நுரை மாட்டின் வாயில், உரை என் வாயில் என்று ஒரு வரி எனக்குள் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், என் சொந்த வார்த்தை விளையாட்டைப் பார்த்து எனக்குக் குமட்டியது அன்றைக்குத்தான்.

"கௌரம்மா, அது டிவிக்காரன் சொன்னதில்ல" என்றேன். அவள் அழுகையில் அது கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அது நான் சொன்னது."

"என்ன லோ?" என்றான் மஞ்சு.

"நான் மாத்திச் சொன்னேன்டா. சிரிக்கறதுக்கு."

"எதை மாத்தின?"

"எல்லாத்தையும்."

"அப்ப அவன் என்ன சொன்னான்?"

"வேற என்னமோ சொன்னான்" என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. தடியை ஓங்கினான், என்னைப் பார்த்துத்தான். பிறகு அதைக் கொட்டிலின் சுவரில் ஓங்கி அடித்துவிட்டுக் கீழே போட்டான். அப்பா என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஒரு பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பு அதன் முடிச்சைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. நான் பிரியாமல் நின்றேன்.

கௌரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடமிருந்து நான் பிடுங்கியது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. கெம்பி ஏன் செத்தது என்பதற்கு அவளிடம் ஒரு விடை இருந்தது, கோபப்பட ஓர் ஆள் இருந்தார். இப்போது இரண்டும் இல்லை. "குய்யலேபேக்கா, சார்?" என்று கேட்டாள். அறுத்தே ஆக வேண்டுமா என்று. "வேற வழி எனக்குத் தெரியலம்மா" என்றார் அப்பா. அவள் எழுந்துபோய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து கெம்பியின் நெற்றியில் வைத்தாள். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கால்நடை ஆஸ்பத்திரி மூடியிருக்கும். அப்பா டாக்டரின் வீட்டுக்கே போய் அழைத்துவந்தார். டாக்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். டிவியில் இந்த இடத்தில் வயலின் வாசிப்பார்கள். இங்கே ஈ. நான் நாற்றம் தாங்காமல் ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கெம்பியின் இரைப்பைக்குள் சோறு. புளித்து நொதித்த சோறு, வாளி வாளியாக. நடுவே பிளாஸ்டிக் கவர்கள், வாழை இலைக் கிழிசல். லைன் வீட்டுக்குப் பின்னால் கல்யாண மண்டபம் இருக்கிறது. முந்தின நாள் மத்தியான விருந்தில் மிஞ்சியதை மதிலோரம் கொட்டியிருந்தார்கள். கெம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு போனதை ஒருவரும் பார்க்கவில்லை. "இவ்வளவு சோறு தின்னா மாடு வயிறு உப்பிச் சாகும். நுரையும் வரும்" என்றார் டாக்டர். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "அப்ப விஷம் இல்லை, முடிஞ்சது" என்றார். அப்பா, என் அப்பா, அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "இல்லைன்னு இன்னும் சொல்லலை" என்றார். "சோறு இருக்கு. அதைத்தான் பாத்தோம். புகார்ல விஷம்னு எழுதியிருக்கு. சோதிச்சாத்தான் தெரியும்."

டாக்டர் எடுத்துக் கொடுத்ததைச் சுத்தமான பாட்டிலில் போட்டு, மூடி, துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள். உறையின்மேல் சாட்சிகளின் கையெழுத்து வேண்டும் என்றார் ஏட்டு. கௌரம்மாவைக் கதவைத் தட்டி அழைத்துவந்தார்கள். அவளுக்கும் எழுதத் தெரியாது, மாதையனுக்கும் தெரியாது. ஒரே மைப்பெட்டியில் இருவரும் மாறி மாறி இடது கட்டைவிரலை ஒற்றி, உறையின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டிவியில் கைரேகை என்றால் பூதக்கண்ணாடி, திகில் இசை, 'இவன்தான்' என்று நீளும் ஒரு விரல். நான் பார்த்த கைரேகைகள் இரண்டும் ஈரமாக, கொஞ்சம் சாய்ந்து, பால் கறந்த விரலும் கீரை கட்டிய விரலுமாக இருந்தன. அவை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பொட்டலம் அப்பாவின் ஆய்வகத்துக்கேதான் போனது. போன அன்றைக்கே அவர் தன் மேலதிகாரியிடம், இது என் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம், வேறு மேஜைக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அதனால் அதே கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்கும் ஒன்றும் தெரியாது. சொந்தக்காரர், "ரிப்போர்ட் வரட்டும், பார்ப்போம்" என்று மாதையனுக்குத் தவணை கொடுத்திருக்கிறார். மாதையனின் மனைவி மூட்டையை அவிழ்க்கவே இல்லை. ஒரு தட்டையும் ஒரு சட்டியையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறாள். மூட்டை கதவோரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மாதையன் என்னை நிறுத்துவார். "தம்பி, அந்தக் காயிதம் எப்ப வருமுங்க? அப்பாவக் கேட்டுச் சொல்லுங்க." நான் சாயங்காலம் கேட்பேன். "என் மேஜை இல்ல" என்பார் அப்பா. "சும்மா எட்டிப் பாத்தா என்ன?" என்றால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். எனக்குக் கோபம் வரும். அப்புறம் பயம் வரும். சோறுதான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், சரி. ஆனால் அந்தப் புளித்த சோற்றுக்குள் வேறு ஏதாவது இருந்துவிட்டால்? எலிக்கு வைத்தது எதையாவது கெம்பி நக்கியிருந்தால்? காகிதத்தில் விஷம் என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், மீதியை என் பாட்டு பார்த்துக்கொள்ளும். விஷம்னா பகை, பகைன்னா பக்கத்து வீடு. நான் வாபஸ் வாங்கிய பிறகும் அது இந்த வளாகத்தில் எங்கேயோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் மண்டபத்துப் பிள்ளைகள் அதைப் பாடக் கேட்டேன்.

உன்னைப் பற்றியும் கவலையாக இருக்கிறது, மகனே. இப்போதே தெருவில் கேபிள் கம்பி இழுக்கிறார்கள். நீ வளரும்போது இன்னும் எத்தனை விஞ்ஞானிகள், எத்தனை நிறத்தில் கொதிக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டு உன் வீட்டுக் கூடத்தில் வந்து நிற்பார்களோ. அவர்கள் எல்லோரும் உடனடியாகச் சொல்லிவிடுவார்கள். உனக்கும் என்னை மாதிரி வாய் இருந்தால், நீயும் சொல்லிவிடுவாய். ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தெரியாது என்று ஒருவர் சபை நடுவில் நின்று சொல்லும்போது அவருடைய காதைப் பார். சிவந்திருக்கும். சிவந்த பிறகும் அவர் அதையே திரும்பச் சொன்னால், அவர் பக்கத்தில் போய் நில். நான் அன்றைக்கு நாலடி தள்ளி நின்றேன்.

இன்று காலை, மீசைச் சம்பவத்துக்குப் பிறகு, அப்பா மார்க்கெட்டுக்குப் போகவில்லை. செய்தித்தாளை விரித்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டார். தொடர் ஆரம்பிக்கும் நேரத்தில் கூட்டம் வந்தது, பாதிதான். கெம்பி போனதற்குப் பிறகு முதல் தடவையாகக் கௌரம்மா வந்து சுவரில் சாய்ந்தாள். மாதையன் உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றார். முக்காலி காலியாக இருந்தது. மஞ்சு அதைக் காலால் என் பக்கம் தள்ளினான். "குத்கோ. இந்தத் தடவை சரியா சொல்லு" என்றான். உட்கார் என்கிறான். உட்கார்ந்தேன். திரையில் விஞ்ஞானி ஒரு கண்ணாடிக் குழாயை ஆட்டிக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் ஏதோ கேட்டார். விஞ்ஞானி தலையை அசைத்து நீளமாக ஒரு வாக்கியம் சொன்னார். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

என் வாயில் கோயில் மணி இல்லை. "தெரியல" என்றேன்.

"அவனிகே தெரியாதா?" என்றாள் கௌரம்மா. அவனுக்கேவா தெரியாது என்று.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் பயிற்சிக்காக வடக்கே ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்; ஹிந்தி தெரியும் என்பதை இத்தனை நாள் எங்களிடம் காட்டிக்கொண்டதே இல்லை. "சரியாத்தான் சொல்றான். இப்ப எனக்குத் தெரியாது, சோதிச்சாத்தான் சொல்ல முடியும்னுதான் அந்த ஆளும் சொல்றார்."

கௌரம்மா திரையை உற்றுப் பார்த்தாள். "அப்ப அவனும் நம்ம சார் தரானே" என்றாள். நம்ம சார் மாதிரியேதான் என்று. அப்பா தாளை மடித்தார். "இப்ப விளம்பரம் வரும் பாருங்கம்மா. முடிஞ்சதும் அவருக்குத் தெரிஞ்சிடும். நமக்கு விளம்பரம் இன்னும் முடியல. அவ்வளவுதான் வித்தியாசம்." சொன்ன மாதிரியே சோப்பு விளம்பரம் வந்தது. வாசலில் மாதையன் சிரித்தார். இத்தனை வாரத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. "உள்ள வந்து குத்கோ, நின்னா டிவி மறைக்குது" என்றாள் கௌரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் பார்த்தேன்: மூட்டையின் முடிச்சு ஒரு பக்கம் தளர்ந்திருந்தது, பெரிய குண்டான் வெளியே வந்து அடுப்பில் இருந்தது. ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் மஞ்சு என் முதுகில் ஒன்று வைத்தான். இப்போதுதான் நீ ஒழுங்கான மொழிபெயர்ப்பாளன் என்றான். அப்பாவின் நேர்மை அப்படியே பிள்ளைக்கும் இறங்கியிருக்கிறது என்று அம்மா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. இந்தக் கடிதத்தை நான் அங்கேயே முடித்திருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் நீ என் மகன். மேலே 'ஹிந்தியில் நான் புலி' என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன், அது தொண்டையில் மீசை முடி மாதிரி குத்துகிறது.

எனக்கு ஹிந்தி தெரியாது, மகனே. பரீட்சையில் மஞ்சுவைப் பார்த்து எழுதினேன், அவன் யாரைப் பார்த்து எழுதினான் என்பது தெரியவில்லை. அந்த விஞ்ஞானி சொன்ன எதையும் நான் மாற்றிச் சொன்னதே இல்லை. மாற்றுவதற்கு முதலில் புரிந்திருக்க வேண்டும். இன்று காலை நான் சொன்ன 'தெரியல' அவருடையது இல்லை, என்னுடையது. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே சரியான மொழிபெயர்ப்பு அது. அதுவும் தற்செயல். அப்பாவுக்கு இது தெரியுமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். முக்காலியை எடுத்து உள்ளே வைத்தபோது அவர் என் உதட்டுக் காயத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் பார்த்ததை மட்டும்தான் சொல்வார். பார்த்ததை எல்லாம் சொல்ல மாட்டார் போலிருக்கிறது.

இப்படிக்கு,
படிகாரம் எரியும் உதட்டோடு,
உனக்கு அப்பா ஆகப்போகிறவன்